ஒரு ரஸாயன குருகுலம்

ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி வருஷந்தோறும் வருகிறது, போகிறது. வங்காளத்தில் அன்று சில மாலைகள் சாத்தப்படுகின்றன. சில சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. தமிழ்நாட்டில் அத்தினத்தை நினைப்பவர் மிகச் சிலரே. 1861-ஆம் வருஷம் அத்தேதியில், இன்று வங்காள தேசமாய் விளங்கும் பகுதியில், குல்னாவை அடுத்த ராருலி என்னும் கிராமத்தில் பிறந்தவர் பிரபுல்ல சந்திர ராய். அவரை ரஸாயன சாஸ்திரி என்பர் சிலர்; தொழில் முதல்வர் என்பர் சிலர்; கதர் உடுத்திய துறவி என்பர் சிலர். இவை யாவும் உண்மையே. ஆயினும் நாம் இன்று எழுதப் புகுவது அவருடைய வரலாற்றையன்று. அவரைச் சுற்றி வளர்ந்த ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்தைப் பற்றியே எழுத விரும்புகிறோம். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியிலும், பின்னர் அந்நகரின் சர்வகலாசாலை விஞ்ஞானக் கல்லூரியிலும் அவர் நிறுவிய அந்தக் குருகுலம், கட்டிடமும் கருவியும் பணமும் போதாத காலத்தில் எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது என்னும் கேள்வி இன்றும் நமக்கு உரிய கேள்வி என்பது நமது துணிபு.

நாம் பேசத் துணியும் விஷயத்தில் நமக்குள்ள தகுதி எத்துணை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் கற்றது சட்டம். கல்லூரியில் ரஸாயனம் படித்த இரண்டு வருஷங்களில் நுண்தராசை நாம் தொட்டதில்லை. அது கண்ணாடிப் பீரோவினுள் பூட்டப்பட்டிருந்தது. பரீக்ஷைக்கு வரும் உப்பின் பெயரைச் சோதனைச்சாலைச் சிப்பந்தி முந்தின நாள் மாலையே காதோடு சொல்லிவிடுவார். அதற்கு ஒரு சிறு தக்ஷிணை உண்டு. உப்பு இன்னதென்று முன்பே தெரிந்துகொண்டு, அது தெரியாததுபோல் சோதித்து, தெரிந்த விடையை எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லுவதில் பயனில்லை. அது போன்றவை பல இருந்தன. இன்றும் இல்லாமற் போய்விடவில்லை. இத்தகைய கல்வியைப் பெற்ற நாம், ராயின் சோதனைச்சாலையைப் பற்றிப் படிக்கும்போது அடைவது வியப்பு மட்டுமன்று. ஒருவிதமான நாணமும் ஆகும்.

இருநூற்றைம்பது ரூபாய்

1882-இல் கில்கிரிஸ்ட் பரிசுச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்ற இளைஞர் ராய், அங்கே கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் ரஸாயனம் பயின்று 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாணாக்கராய் இருந்தபோதே இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதி அச்சிட்டவர் அவர். 1888-இல் தாய்நாடு திரும்பியவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. மறு வருஷம் பிரஸிடென்ஸி கல்லூரியில் உதவி ஆசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் ரூபாய் 250. கல்வி இலாகாவில் மேல் வரிசை உத்தியோகங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியவையாய் இருந்தன. எடின்பரோ டாக்டர் பட்டம் பெற்றிருந்தும் ராய் மாகாண வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்.

இந்நிலையில் ஒருவர் செய்யக்கூடியவை இரண்டு. மனம் கசந்து, கடமைக்குப் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பலாம். அல்லது உத்தியோக வரிசையை மறந்து வேலையில் மூழ்கலாம். ராய் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். 1892-இல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில் தம் வாடகை வீட்டிலேயே மருந்து செய்யும் தொழிலொன்றைத் தொடங்கினார். கசாப்புக் கடைகளிலிருந்து வாங்கிய எலும்புகளை மாடியில் உலர்த்தி, அவற்றிலிருந்து மருந்துக்குரிய பாஸ்பேட் உப்பு எடுக்க முயன்றார். நாற்றம் பொறாத அண்டை வீட்டார் முறையிட்டனர். அந்தச் சிறு முயற்சியே 1901-இல் வரையறுக்கப்பட்ட கம்பெனியான ‘பெங்கால் கெமிக்கல்’. படித்த இளைஞர் குமாஸ்தா உத்தியோகத்தைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த காலத்தில், ரஸாயனம் படித்தவனுக்கும் பிழைப்பு உண்டு என்று அது காட்டியது. அவருடைய மாணாக்கர் சிலர் அங்கே வேலையும் பெற்றனர்.

கல்லூரியில் 1894-இல் புதிய ரஸாயன சாலை எழுந்தது. அதன் பிறகே ராயின் ஆராய்ச்சி வேகம் பெற்றது.

பாதரஸம் தந்த பரிசு

அக்காலத்தில் மருந்தாய் வழங்கிய கலோமல் என்பது பாதரஸமும் குளோரினும் சேர்ந்த பொருள். அதனைச் செய்யும் வழியில் முதற்படியாக, நீர் கலந்த நைட்ரிக் திராவகத்தில் அதிகப்படியான பாதரஸத்தை இட்டு வைத்தார் ராய். சற்று நேரத்தில் பாதரஸத்தின் மேல் மஞ்சள் நிறமுள்ள பளிங்குகள் படியக் கண்டார். வழக்கமாக விளையும் உப்பு என்று கருதித் தள்ளிவிடுவது எளிது. அவர் தள்ளவில்லை; எடுத்துச் சோதித்தார். அது நைட்ரேட்டன்று, நைட்ரைட்டு என்று தெரிந்தது. பாதரஸத்தின் அந்த நிலையும் எளிதில் சிதைவது. நைட்ரைட்டும் எளிதில் சிதைவது. சிதையும் இயல்புள்ள இரண்டு கூடி நிலைத்து நிற்கும் பளிங்காவது ரஸாயனிகளுக்கு விந்தையாய்த் தோன்றியது. 1896-இல் இச்செய்தி வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. லண்டனில் பிரசுரமாகும் ‘நேச்சர்’ பத்திரிகை அவ்வருஷமே அதனைக் குறிப்பிட்டது.

இந்தப் பளிங்கு ஒன்றே பெரிதாயிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதவேண்டியதில்லை. பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்புக்களின் வரிசையில் வைத்தால் அது நடுத்தரமானதே. ஆனால் அதிலிருந்து ஒரு வயல் திறந்தது. பாதரஸ நைட்ரைட்டு இருக்குமானால் மற்ற உலோகங்களின் நைட்ரைட்டுக்கள் எவ்வாறிருக்கும்? அமோனியாவின் நைட்ரைட்டு சூடு பட்டால் நைட்ரஜன் வாயுவாகவும் நீராகவும் பிரிந்துவிடும் என்று பாட புஸ்தகங்கள் சொல்லுகின்றனவே, பிரியாமல் ஆவியாக்க முடியாதா? இப்படி ஒரு கேள்வி ஒன்பது கேள்விகளைப் பெற்றது. ஒன்பது கேள்விகளுக்கு ஒருவர் கை போதாது. மாணாக்கர் தேவைப்பட்டனர். ஒரு சோதனைச்சாலை குருகுலமாவது இவ்விடத்திலேதான்.

வந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வங்காள அரசாங்கம் ஆராய்ச்சி மாணாக்கருக்கென்று உதவிச் சம்பளம் அளிக்கத் தொடங்கியது. ஜதீந்திரநாத சேன் அவ்வகையில் ராயிடம் சேர்ந்தார். பின் பஞ்சானன நியோகி, ரசிகலால் தத்தர், நீலரத்தின தர், ஹேமேந்திரகுமார் சேன், விமானபிகாரி தே என்று ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1909-இல் கல்லூரியுள் நுழைந்த வகுப்பைப் போன்றதோர் வகுப்பு இந்தியாவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அரிதே. ஞானசந்திர கோஷ், ஞானேந்திரநாத முகர்ஜி, புலினபிகாரி சர்க்கார், சத்தியேந்திரநாத போஸ் ஆகியோர் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தனர். இரண்டு வருஷம் கழித்து டாக்காவிலிருந்து மேகநாத சாஹாவும் வந்து சேர்ந்தார். போஸும் சாஹாவும் பின்னர்ப் பௌதிகத்தின் பக்கம் சென்று உலகப் புகழ் பெற்றனர். அவர்களும் ராயின் ரஸாயன வகுப்பில் அமர்ந்தவர்களே.

இவர்களை ராய் எவ்வாறு பிடித்தார் என்பது கவனிக்கத்தக்கது. பெரிய ஆசிரியர்கள் மேல் வகுப்புக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழ் வகுப்புக்களை இளையவர்களிடம் தள்ளிவிடுவது வழக்கம். ராய் அதற்கு மாறாகப் பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாய் வந்த மாணாக்கரின் வகுப்பையே விரும்பி ஏற்றார். களிமண் ஈரமாயிருக்கும்போதே குயவன் கை படவேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பில் தாமே சோதனைகளைச் செய்துகாட்டி, அவற்றினிடையே ரஸாயனத்தின் வரலாற்றையும் கதைபோலச் சொல்லுவார். நமது முன்னோர் பாதரஸத்தையும் கந்தகத்தையும் கையாண்ட முறைகளை ஏட்டுச்சுவடிகளில் தேடி, ஹிந்து ரஸாயனத்தின் வரலாறு என்னும் நூலை 1902-இலும் 1909-இலும் இரு பாகங்களாக வெளியிட்டவர் அவர். ஆகவே அவர் வகுப்பில் இருந்த பையன், தான் அந்நியருடைய வித்தையைக் கடன் வாங்கிக் கற்பதாக எண்ணவில்லை. அறுந்துபோன ஒரு சொந்தக் கயிற்றை மீண்டும் முடிபோடுவதாகவே எண்ணினான். பழம்பெருமை பேசுவது எளிது. அப்பெருமை ஏன் அழிந்தது என்று ஆராய்ந்து, கையால் வேலை செய்வதை இழிவென்று கருதிய ஜாதிச் செருக்கும் அதற்கு ஒரு காரணம் என்று அந்நூலிலேயே எழுதத் துணிந்தார் ராய். அவருடைய தேசபக்தியின் தரம் இதில் விளங்கும்.

மாணாக்கர் வேலை செய்த இடத்தை ஒரு கணம் கற்பனை செய்து பார்ப்போம். திராவகத்தின் நெடி, காஸ் அடுப்பின் நீல நாக்கு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கண்ணாடிக் குழாய் வந்து சேராத மாதங்கள். 1914-இல் யுத்தம் மூண்டபின் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளும் மருந்துகளும் அடியோடு நின்றன. கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடிய ஆராய்ச்சியைத் தேர்வதே புத்திசாலித்தனம் ஆயிற்று. மாலையில் வேலை முடிந்ததும் ஆசார்யர் மைதானத்திற்குச் செல்லுவார். நண்பரும் மாணாக்கரும் உடன் அமர்வர். ரஸாயனத்தில் தொடங்கும் பேச்சு ஷேக்ஸ்பியரிலும் தேசத்தின் வறுமையிலும் போய் முடியும். ஜீரண சக்தி குன்றி, இரவில் தூக்கமும் குறைந்து, வாழ்நாள் முழுதும் நோயோடு போராடிய அம்மெலிந்த மனிதர், நேரத்தை அளந்து செலவிட்டார். மாணாக்கருக்கு மட்டும் அளவின்றிக் கொடுத்தார்.

1912-இல் ராய் லண்டன் சென்றிருந்தபோது, ரஸாயனக் கழகத்தின் கூட்டத்தில் அமோனிய நைட்ரைட்டைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். வெற்றிடத்தில் மெல்லச் சூடாக்கினால் அப்பொருள் பெரிதும் சிதையாமல் ஆவியாகும் என்று அவரும் அவர் குழுவினரும் நிலைநாட்டியிருந்தனர். ஸர் வில்லியம் ராம்ஸே முதலிய பெரியோர் அதனைப் பாராட்டினர். ஆளும் நாட்டின் தலைநகரில், ஆளப்படும் நாட்டின் சோதனைச்சாலை ஒன்று பாட புஸ்தகத்தைத் திருத்தியது. துப்பாக்கியும் கூச்சலும் இல்லாமல் கிடைத்த அந்த வெற்றி, பல தீர்மானங்களைவிடக் கனமுள்ளது என்று கருதுகிறோம்.

வக்கீல்கள் கொடுத்த கல்லூரி

இனி நம் தொழிலைச் சேர்ந்தவர் இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் பாரிஸ்டர் தாரகநாத பாலித்; மற்றவர் வழக்கறிஞர் ராஸ்பிகாரி கோஷ். பின்னவர் 1908-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர்; ஆகவே நமக்கு அந்நியரல்லர். சர்வகலாசாலையின் தலைவராயிருந்த ஆசுதோஷ முகர்ஜி, பரீக்ஷை நடத்திப் பட்டம் கொடுப்பதோடு நின்றிருந்த ஸ்தாபனத்தை ஆராய்ச்சிக்குரிய இடமாக்க முனைந்தார். 1912-இல் பாலித் தம் பெருஞ்செல்வத்தை அதற்கு அளித்தார். 1913-இல் கோஷ் பத்து லக்ஷம் ரூபாய் அளித்தார். இருவரும் விதித்த நிபந்தனை ஒன்று: இப்பதவிகளில் அமரும் பேராசிரியர்கள் இந்தியராகவே இருத்தல் வேண்டும். 1914 மார்ச்சு 27-ஆம் தேதி விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரம் இடப்பட்டது.

வழக்காடிச் சேர்த்த பொருளை இருவர் ரஸாயனத்திற்கும் பௌதிகத்திற்கும் கொடுத்தனர். அவர்கள் அறிந்த சாஸ்திரமன்று அது. தாம் அறியாத வித்தைக்குத் தம் பொருளைக் கொடுப்பதே மெய்யான ஈகை. இன்று நம் நாட்டில் பெருந்தனவந்தர்களுக்குக் குறைவில்லை. தங்கள் பெயரால் கல்லூரி கட்டுவோருக்கும் குறைவில்லை. ஆயினும் மாணாக்கரிடமிருந்து வாங்கும் நோக்கத்தோடு கட்டப்படும் கல்லூரி வேறு. கொடுக்கும் நோக்கத்தோடு கட்டப்படும் கல்லூரி வேறு. இந்த வேற்றுமையைத் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

1916-இல் ராய் அரசாங்கக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, பாலித் பெயரால் அமைந்த ரஸாயனப் பேராசிரியர் பதவியை ஏற்றார். பௌதிகத்திற்கு அதே பெயருடைய பதவியில் 1917-இல் வந்து அமர்ந்தவர், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த நம் ஸர் சி. வி. ராமன், நிதி இலாகாவின் அதிகச் சம்பளத்தை விட்டுக் குறைந்த சம்பளத்திற்கு அவர் வந்தார்.

விஞ்ஞானக் கல்லூரியின் மாடியிலேயே ஓர் அறையில் ராய் குடியேறினார். இரும்புக் கட்டில் ஒன்று, சிறு மேஜை ஒன்று, நாற்காலி ஒன்று, புஸ்தகம் நிறைந்த பீரோ ஒன்று. அவ்வளவே அவர் சொத்து. மணம் செய்துகொள்ளவில்லை. ஏழை மாணாக்கர் சிலர் அவருடனேயே தங்கி, அவர் செலவிலேயே படித்தனர். 1902-இல் கோகலேயின் விருந்தினராகக் கல்கத்தாவில் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு ராய் அறிமுகமானார். மாதம் 800 ரூபாய் சம்பளம் பெறும் இவர் 40 ரூபாயைத் தமக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுப்பவர் என்று கோகலே கூறியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1921-இல் அறுபது வயது நிறைந்ததும், அதன்பின் தமக்கு வரும் சம்பளம் முழுவதையும் ரஸாயனப் பகுதியின் வளர்ச்சிக்கென்று சர்வகலாசாலைக்கே விட்டுவிட்டார். 1922-இல் சிறந்த ரஸாயன ஆராய்ச்சிக்கு நாகார்ஜுனர் பெயரால் பரிசளிக்க 10,000 ரூபாய் கொடுத்தார். 1936 வரை சம்பளமின்றியே அப்பதவியில் உழைத்தார்.

இக்குருகுலத்தைப் போற்றும்போது அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அங்கிருந்து வெளிவந்த எல்லா ஆராய்ச்சியும் காலத்தை வென்று நிற்கவில்லை. உப்புக் கரைசல்களில் மின்சாரம் ஓடும் விதத்தைப் பற்றி ஞானசந்திர கோஷ் 1918-இல் வெளியிட்ட கொள்கை ஐரோப்பாவிலும் பெரிதும் பேசப்பட்டது. 1923-இல் டிபையும் ஹூக்கலும் வெளியிட்ட கொள்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ராயும் 1920-க்குப் பின் ராட்டினத்திற்கும் பஞ்ச நிவாரணத்திற்கும் தம் பொழுதில் பெரும் பகுதியைக் கொடுத்தார். 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் பெருகியபோது நிவாரண வேலையின் தலைமை அவர் மேல் விழுந்தது. விஞ்ஞானக் கல்லூரியே அரிசி மூட்டைக்கும் துணி மூட்டைக்கும் கிடங்காயிற்று. விஞ்ஞானம் காத்திருக்கலாம், சுயராஜ்யம் காத்திருக்க முடியாது என்று அவர் சொன்ன சொல் பிரசித்தமானது. அச்சொல்லை முழுதும் ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் உண்டு. விஞ்ஞானமும் நெடுநாள் காத்திருக்காது. காக்கவைத்த தேசங்களை அது விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் ஆசார்யர் அவ்வாறு சொல்ல முடிந்ததன் காரணத்தையும் காணவேண்டும். அவர் அரிசி மூட்டையைச் சுமந்த நாட்களில் சோதனைச்சாலையின் விளக்கு அணையவில்லை. மாணாக்கர் அதனை ஏந்தி நின்றனர். தலைவன் இல்லாதபோதும் நடக்கும் வேலையே நிலைத்த வேலை.

சிதறிய விதைகள்

எங்கும் வெற்றியை நாடு, மகனிடத்தும் மாணாக்கனிடத்தும் தோல்வியை நாடு என்பது நம் நாட்டுப் பழைய அறிவுரை. ராய் இதனை அடிக்கடி நினைவுகூர்வார். அவருக்கு அத்தகைய தோல்விகள் ஏராளமாய்க் கிடைத்தன. விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பத்தை அறிய உதவும் சூத்திரத்தைச் சாஹா 1920-இல் கண்டார். 1924-இல் போஸ் எழுதிய சிறு கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நீலரத்தின தர் அலகாபாத்துக்குச் சென்று அங்கே ஒரு பள்ளியை வளர்த்தார். கோஷ் டாக்கா சர்வகலாசாலையில் ரஸாயனப் பகுதியை அமைத்து, 1939-இல் பங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்தின் தலைவராகி, பின் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு முதல் தலைவருமானார். களிமண்ணின் ரஸாயனத்தை ஆராய்ந்த முகர்ஜி டில்லி விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைவரானார். பிரியதாரஞ்சன ராய் கல்கத்தாவிலேயே தங்கி, ஆசானின் ரஸாயன வரலாற்றை 1956-இல் புதுக்கி வெளியிட்டார்.

லண்டனில் படித்துக்கொண்டிருந்த கோஷும் முகர்ஜியும் பஞ்சாபைச் சேர்ந்த சாந்திஸ்வரூப பட்நாகரும் கூடி, இந்திய ரஸாயனிகளுக்குத் தனிக் கழகமும் தனிச் சஞ்சிகையும் வேண்டும் என்று எண்ணினர். 1924-இல் இந்திய ரஸாயனக் கழகம் பிறந்தது. ராய் அதன் முதல் தலைவர். அதுவரை நம்மவர் செய்த ஆராய்ச்சி, அயல்நாட்டுச் சஞ்சிகைகளின் வாசலில் நின்றே உலகைக் காணவேண்டியிருந்தது.

பெண்களுக்கு இக்குருகுலத்தின் முதல் வரிசையில் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆயினும் காலம் மாறியது. அதே ராஜாபஜார் கல்லூரியில் பயின்று, 1944-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்ற அசீமா சட்டர்ஜி, இந்தியச் சர்வகலாசாலை ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி. ராயும் அவருக்கு ஆசிரியர்களுள் ஒருவர். நம் வீட்டுப் பெண்கள் ஆரைக்கீரை என்று பறிக்கும் நீர்ப்பூண்டு இனத்திலிருந்து காக்கை வலிப்புக்கு மருந்து கண்ட குழுவை அவர் பின்னாளில் நடத்தினார். 1975-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த முதற் பெண்ணும் அவரே.

இவற்றுள் ஒரு விதை நம் மண்ணிலும் விழுந்தது. ராயின் மாணாக்கருள் ஒருவராக மேலே குறித்த விமானபிகாரி தே, சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிக்கு ரஸாயனப் பேராசிரியராக வந்தார். அவரிடம் ஆராய்ச்சி பழகிய இளைஞருள் ஒருவர், 1900-இல் குளித்தலையில் பிறந்த தி. ரா. சேஷாத்திரி. அவர் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்ஸனிடமும், பின் ஆஸ்திரியாவில் ப்ரெகலிடமும், ராய் படித்த அதே எடின்பரோவில் பார்ஜரிடமும் பயின்று 1930-இல் திரும்பினார். வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதியைக் கட்டியெழுப்பினார். பருத்திப் பூவின் மஞ்சள் எதனால் ஆயது, மலர்களும் பட்டைகளும் நிறம் பெறுவது எவ்வாறு என்று ஆராய்வதே அக்குழுவின் வேலை. இரண்டாம் உலக யுத்தத்தில் சர்வகலாசாலை குண்டூருக்குப் பெயர நேர்ந்தபோதும் அவ்வாராய்ச்சி விட்டுப்போகவில்லை. 1949-இல் டில்லிக்குச் சென்று அங்கும் புதிதாய்த் தொடங்கினார். அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர் 150-க்கு மேற்பட்டவர். 1960-இல் லண்டன் ராயல் கழகம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. 1975-இல் அவர் மறைந்தார். ராருலியில் பிறந்தவர் ஏற்றிய சுடர் குளித்தலையில் பிறந்தவர் கைக்கு வந்து சேர்ந்த வழி இது. பாஷையும் மாகாணமும் அதனைத் தடுக்கவில்லை.

நாம் கேட்பது

1944 ஜூன் 16-ஆம் தேதி, அந்த மாடி அறையிலேயே, அந்த இரும்புக் கட்டிலிலேயே, மாணாக்கர் சூழ ஆசார்யர் உயிர் நீத்தார். 2011-இல் பிரிட்டனின் ராயல் ரஸாயனக் கழகம், ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாகத் தன் நினைவுப் பலகை ஒன்றை அவருக்கென்று கல்கத்தாவில் பதித்தது. பலகை நல்லதே. ஆனால் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாம் நம்மிடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இன்று நம் சர்வகலாசாலைகளின் சோதனைச்சாலைகளில் ராய் கனவிலும் காணாத கருவிகள் இருக்கின்றன. ஓர் அணுவின் இருப்பிடத்தைக் காட்டும் இயந்திரம் உண்டு. ஒரு துளியில் உள்ளதை நொடியில் பிரித்துச் சொல்லும் இயந்திரம் உண்டு. இவை வேண்டியவையே. ஆனால் அவ்வியந்திரத்தின் முன் இரவெல்லாம் விழித்திருக்கும் ஆராய்ச்சி மாணாக்கன் எவ்வாறிருக்கிறான்? அவனுக்குரிய உதவித் தொகை மாதந்தோறும் வருகிறதா, அல்லது மனு எழுதி எழுதிப் பெறவேண்டியிருக்கிறதா? அவனுடைய ஆசிரியர் அவனைத் தம் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் கையாகக் காண்கிறாரா, தம்மை வெல்லப்போகிறவனாகக் காண்கிறாரா? முதல் வருஷத்துப் பையனின் வகுப்புக்குள் அந்தப் பேராசிரியர் என்றைக்காவது நுழைந்தாரா?

எமது தொழிலிலும் இது உண்டு. மூத்த வக்கீலின் அறையில் இளையவர் கட்டுக்களைச் சுமந்துகொண்டே காலங்கழித்துவிடுவது உண்டு. நீதிபதியின் முன் எழுந்து பேச வாய்ப்பளிக்கும் மூத்தவரும் உண்டு. முன்னவரின் அறை அவரோடு மூடப்படும். பின்னவரின் பெயரை நீதிமன்றம் இரண்டு தலைமுறை சொல்லும். ரஸாயன சாலைக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

ராய் 250 ரூபாய் சம்பளத்தில் தொடங்கினார். வெள்ளையரின் கீழ் வரிசையில் நின்றார். கருவி இல்லை, சஞ்சிகை இல்லை, அரசாங்கத்தின் ஆதரவு அரிது. இருந்தவை மூன்று: கையால் வேலை செய்ய நாணாத மனம், மாணாக்கன் தன்னை மிஞ்சினால் மகிழும் மனம், தன் பொருளைத் தன் பொருளென்று எண்ணாத மனம். இம்மூன்றில் எதையும் அயல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டியதில்லை. எதற்கும் டெண்டர் விடவேண்டியதில்லை.

அடுத்த ஆகஸ்டு 2-ஆம் தேதியன்று நம் கல்லூரிகளில் மாலையும் சொற்பொழிவும் வேண்டாம். கண்ணாடிப் பீரோவின் பூட்டைத் திறந்து, முதல் வருஷத்து மாணாக்கனின் கையில் அந்தத் தராசைக் கொடுங்கள். பெயர் தெரியாத ஓர் உப்பையும் கொடுங்கள். சிப்பந்தியைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள். பேராசிரியர் மட்டும் அருகில் நிற்கட்டும். ஆசார்ய ராய்க்கு அதுவே தக்க வணக்கம் ஆகும்.